எல்லாப்பிரகட சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – ஆகஸ்ட் 1948) இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர். உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறான அடினோசின் டிரைபாஸ்பேட்டைக் (ஏடிபி) கண்டறிந்தவர்களுள் ஒருவர். யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசீன், புற்றுநோய்க்கும் முடக்கு வாதத்துக்கும் பயன்படும் மெத்தோட்ரெக்சேட் ஆகிய மருந்துகள் இவர் தலைமை தாங்கிய ஆய்வகத்தில் உருவானவை.

இளமையும் கல்வியும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. வறுமை மிகுந்த குடும்பம். சிறுவயதில் பொருளீட்டும் எண்ணத்துடன் வீட்டைவிட்டு ஓடியதாகவும், தாயார் திரும்ப அழைத்துவந்து பள்ளியில் சேர்த்ததாகவும் கூறுவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

காந்தியின் அறைகூவலை ஏற்றுக் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். அதன் விளைவாக எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே வழங்கப்பட்டது. அரசு மருத்துவப் பணியும் கைகூடாமற் போகவே, சென்னையிலுள்ள ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் விரிவுரையாளரானார். உடன்பிறந்தோர் இருவர் ஸ்ப்ரூ எனப்படும் குடல் நோயால் மாண்டது இவரைப் பெரிதும் பாதித்தது.

ஹார்வர்டு ஆய்வுகள்

மாமனாரும் காக்கிநாடா அறக்கட்டளை ஒன்றும் அளித்த பொருளுதவியுடன் 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். பின்பு சைரஸ் ஃபிஸ்குடன் இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளவிடும் முறையை 1925இல் வெளியிட்டார். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என இது பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினை 1927இலும், ஏடிபியை 1929இலும் இவ்விருவரும் அறிவித்தனர். அதே 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏடிபியைத் தனியே கண்டறிந்தார். சுப்பாராவ் 1930இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை.

லெடர்லி ஆய்வகத்தில்

1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து அதன் ஆராய்ச்சி இயக்குநராக உயர்ந்தார். அங்கு இவரது குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. இவருடைய உடன்பிறந்தோரைப் பலிகொண்ட ஸ்ப்ரூ நோயில் தோன்றும் இரத்தசோகையை இவ்வமிலம் போக்கியது.

போலிக் அமிலத்தின் வடிவத்தை ஒத்து, அதன் பணியைத் தடுக்கும் சேர்மங்களையும் குழுவினர் தயாரித்தனர். அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைச் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்தார். அவர்களுள் 10 பேருக்குத் தற்காலிகக் குணம் தெரிந்ததாக 1948இல் அறிவித்தார். மற்றொன்று மெத்தோட்ரெக்சேட்.

யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசீனும் இக்காலத்தில் உருவானதே. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாட்டில் யானைக்கால் நோய் பரவியிருந்த மாவட்டங்களுள் ஒன்று. அம்மாவட்டத்தில் அப்போது அடங்கியிருந்த திருக்கோவிலூர்ப் பகுதிக் கிராமங்களில், இம்மருந்தை மக்கள் அனைவருக்கும் ஒரே தவணையாகக் கொடுத்து நோய்ப்பரவலைக் குறைக்கும் ஆய்வுகள் 1990களில் நடைபெற்றன.

முடக்கு வாதமும் தன்னெதிர்ப்பு உயிரணுக்களும்

முடக்கு வாதம் என்பது உடலின் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் சொந்த மூட்டுகளையே தாக்குவதால் உண்டாகும் நோயாகும். பிறர் 1951இல் அமினோப்டெரினை இந்நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டனர். அப்போது கார்ட்டிசோன் புகழ்பெற்றிருந்தமையால் இதனை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. 1980களின் ஆய்வுகளுக்குப் பின்னரே மெத்தோட்ரெக்சேட் நிலைபெற்றது. அமெரிக்க அரசு 1988இல் இதனை முடக்கு வாதத்துக்கு ஏற்றது.

இந்நோய் தோன்றும் விதம் பெரும்பாலும் சுண்டெலிகளில் ஆராயப்பட்டுள்ளது. டிபிஏ/1 வகை எலிகளுக்குக் குருத்தெலும்பின் கொலாஜன் புரதத்தை ஊசிவழிச் செலுத்தினால், சில வாரங்களில் பாதங்கள் வீங்குகின்றன. 1996இல் விவரிக்கப்பட்ட கே/பிஎக்ஸ்என் எலிகளுக்கு நோய் தானாகவே வருகிறது. இவற்றின் டி-உயிரணுக்கள் உடலெங்கும் காணப்படும் ஜிபிஐ என்னும் நொதியை அயற்பொருளாகக் கருதி, பி-உயிரணுக்களைத் தூண்டுகின்றன. பி-உயிரணுக்கள் அந்நொதிக்கு எதிரான பிறபொருளெதிரிகளைச் சுரக்கின்றன. இவ்வெலிகளின் இரத்த நீரை நலமான எலிகளுக்குச் செலுத்தினாலே மூட்டழற்சி உண்டாகும். ஆகவே, நோயைத் தொடங்கி வைப்பவை டி-உயிரணுக்கள் எனினும், மூட்டைச் சிதைக்கும் கருவியாகப் பிறபொருளெதிரிகள் அமைகின்றன.

சொந்த உடலைத் தாக்கக்கூடிய டி-உயிரணுக்கள் வழக்கமாகத் தைமஸ் சுரப்பியில் அழிக்கப்படும். 2003இல் ஷிமோன் சகாகுச்சி குழுவினர் விவரித்த எஸ்கேஜி எலிகளில், ஜாப்-70 மரபணுத் திரிபால் அவை அழியாது தப்பி மூட்டழற்சியை விளைவிக்கின்றன. தப்பியவற்றை அடக்கும் ஒழுங்காற்று டி-உயிரணுக்களைக் கண்டறிந்தமைக்காகச் சகாகுச்சி 2025இல் நோபல் பரிசைப் பிறருடன் பகிர்ந்துகொண்டார்.

பெருகும் உயிரணுக்களுக்குப் போலிக் அமிலம் இன்றியமையாதது. புற்றுநோய்க்கு மிகுந்த அளவில் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் இப்பெருக்கத்தைத் தடுக்கிறது. முடக்கு வாதத்தில் குறைந்த அளவே தரப்படுவதால், அதன் செயல்முறை வேறுபடுகிறது. அப்போது உயிரணுவுக்கு வெளியே அடினோசின் மிகுந்து அழற்சி தணிகிறது என்பதை 1990களில் எலிகளில் நடந்த சோதனைகள் காட்டின. அடினோசின், சுப்பாராவ் முன்பு கண்டறிந்த ஏடிபியின் ஒரு பகுதியே என்பது குறிப்பிடத்தக்கது.

முடக்கு வாதத்துக்கு இம்மாத்திரை வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ளப்படும். நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிரிழப்பும் நேரலாம். பக்கவிளைவுகளைக் குறைக்க மருத்துவர்கள் போலிக் அமிலத்தையும் உடன் அளிக்கின்றனர். ஒரே ஆய்வகத்தில் பிறந்த இரு பொருட்கள் இவ்வாறு ஒரே மருந்துச்சீட்டில் இடம்பெறுகின்றன. மெத்தோட்ரெக்சேட் இந்தியாவின் இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலிலும் உள்ளது.

மறைவும் நினைவும்

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில், தம் 53ஆம் வயதில், நியூயார்க்கில் காலமானார். தாம் வழிநடத்திய பணிகளின் புகழைத் தேடிக்கொள்ளாதவர். சக ஆய்வாளரும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில சேர்மங்களை ஃபிஸ்க் வெளிவரவிடவில்லை என்றும், பின்னாளில் பிறர் அவற்றை மீண்டும் கண்டறிய வேண்டியதாயிற்று என்றும் கூறியுள்ளார். பூஞ்சைப் பேரினம் ஒன்றுக்குச் சுப்பாராவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இந்திய அஞ்சல் துறை இவரது நூற்றாண்டையொட்டி 1995இல் அஞ்சல் தலை வெளியிட்டது.