ஸ்மித் கண்ட தொன்மீன்

தென்னாப்பிரிக்காவில் கிராஃப்-ரெய்னெட் என்னும் ஊரில் 1897 ஆம் ஆண்டு தோன்றியவர் ஜே. எல். பி. ஸ்மித். இளமையிலேயே தூண்டிலிடுவதில் அவர்க்குப் பெருவிருப்பு உண்டு. முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவிற்குப் படைவீரராய்ச் சென்று, நோயுற்று மீண்டார். அன்று குன்றிய உடல்நலம் பின்னர் முழுதும் தேறவே இல்லை. கேம்பிரிட்ஜிற் பயின்று முனைவர் பட்டம் பெற்று, கிரகாம்ஸ்டவுன் நகரத்து ரோட்ஸ் கல்லூரியில் வேதியியல் கற்பித்து வந்தார். சோறு அளித்தது வேதியியல். உள்ளங் கவர்ந்தது மீனியல்.

1938 ஆம் ஆண்டு திசம்பர் 22 ஆம் நாள், ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் வந்து நின்ற நெரைன் என்னும் மீன்பிடி கப்பலில், நீலநிறப் பெருமீன் ஒன்று கிடந்தது. சாலும்னா ஆற்று முகத்துக்கு அருகே கடலிற் பிடிபட்டது அது. அவ்வூர் அருங்காட்சியகக் காப்பாளராகிய மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் என்னும் இளநங்கை அதனைக் கண்டு வியந்தார். ஏறத்தாழ ஐந்தடி நீளம். எடை 57 கிலோவுக்கு மேல். துடுப்புகளோ சிறு கால்களைப் போல் தண்டுகளின் மேல் அமைந்திருந்தன. நாறும் மீனை ஏற்ற வாடகை வண்டிக்காரர் முதலில் மறுத்தார். அருங்காட்சியகத்திற் சேர்த்த பின்னரும் துன்பம் தீரவில்லை. தென்னாப்பிரிக்காவில் திசம்பர் கடுங்கோடைக்காலம். பிணவறையினரும் குளிர்கிடங்கினரும் மீனுக்கு இடந்தர மறுத்துவிட்டனர்.

ஆதலின், விலங்குகளைப் பாடஞ்செய்யும் ராபர்ட் சென்டர் என்பாரிடம் அம்மையார் மீனை ஒப்படைத்தார். பார்மலினில் தோய்த்த துணியாலும் செய்தித்தாள்களாலும் அதனைப் போர்த்தி வைத்தனர். வன்மையான செதில்கள் மூடிய உடலுள் அம்மருந்து எளிதிற் புகாது. வயிற்றைக் கீறியோ ஊசியாற் செலுத்தியோ உள்ளே சேர்த்தாலன்றிக் குடல் அழுகிவிடும். அத்துணைப் பெருமீனுக்குப் போதிய மருந்தும் அவர்களிடம் இல்லை. சில நாட்களில் மீனிலிருந்து எண்ணெய் கசியலாயிற்று. வேறு வழியின்றித் தோலை உரித்துப் பாடஞ்செய்தனர். தோலும் மண்டையோடும் எஞ்சின. செவுளும் குடலும் குப்பைக்குப் போயின. அம்மையாரைக் குறை கூறுதல் முறையன்று. அவர் இல்லையேல் அத்தோலும் கிட்டியிராது.

அம்மையார் மறுநாளே மீனின் வடிவை வரைந்து ஸ்மித்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். விடுமுறைக்கு நைஸ்னா சென்றிருந்த அவர் கையில் அது 1939 சனவரி 3 ஆம் நாள்தான் சேர்ந்தது. படத்தைக் கண்டதும் அவர் திகைத்தார். ஆறரைக் கோடி ஆண்டுகட்கு முன்பே அழிந்துபட்டதென அறிஞர் கருதிய, கல்லிற் பதிந்த சுவடுகளால் மட்டுமே அறியப்பட்டிருந்த சீலகாந்த் இனமன்றோ இது! எலும்புக்கூட்டையும் செவுளையும் காக்குமாறு உடனே தந்தி விடுத்தார். காலம் கடந்துவிட்டது.

பிப்ரவரி 16 ஆம் நாள் ஈஸ்ட் லண்டன் சென்று, பாடஞ்செய்த உடலை நேரிற் கண்டு ஐயம் தீர்ந்தார். அம்மையார் பெயரையும் ஆற்றின் பெயரையும் இணைத்து லாட்டிமேரியா சாலும்னே எனப் பெயரிட்டார். எனினும் உள்ளுறுப்புகளைக் காணாத ஏக்கம் அவரை விடவில்லை. முழுமீன் ஒன்றைத் தேடிப் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். மீனின் படத்தோடு நூறு பவுன் பரிசு அறிவிக்கும் துண்டுத்தாள்களை ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துக்கீசியம் ஆகிய மொழிகளில் அச்சிட்டுக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையெங்கும் பரப்பினார்.

1952 திசம்பரில் கொமொரோ தீவுகளில் அகமதி அப்துல்லா என்னும் மீனவர் ஒரு சீலகாந்தைப் பிடித்தார். எரிக் ஹன்ட் என்னும் கப்பல் தலைவர் அதற்கு உப்பிட்டார். பின்னர்ப் பார்மலின் தேடிப் பெற்று உடலுட் செலுத்தினார். இம்முறை குடல் தப்பியது. ஸ்மித்தோ தொலைவில் இருந்தார். மீண்டும் காலந்தாழ்த்தலாகாது எனத் துணிந்து, நாட்டின் தலைமையமைச்சர் மாலனையே வேண்டிப் படைத்துறை வானூர்தி ஒன்றைப் பெற்றுப் பறந்தார். பெட்டியைத் திறந்து மீனைக் கண்டவர், சூழ நின்றோர் காண மண்டியிட்டு அழுதார்.

முதல் முதுகுத் துடுப்பு இல்லாமையால் அதனை வேறினம் என எண்ணி மாலனியா எனப் பெயரிட்டார். அக்கருத்து தவறென்றும் இரண்டும் ஓரினமே என்றும் பின்னர்த் தெளிவாயிற்று. இவ்வரலாற்றை 1956 இல் அவரே நூலாக எழுதி வெளியிட்டார்; 1968 இல் மறைந்தார். சென்டர் பாடஞ்செய்த முதல் மீன் இன்றும் ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.