மீண்டு வந்த மெய்யியலாளர்

பிறர் கலை கற்று, அதன் பயனைத் தம் மரபுக்கே அளித்த பெரியோரை மட்டக்களப்பு வாவிக்கரையினராகிய நாம் நன்கு அறிவோம். காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் யாழ் நூலை நமக்கு அளித்தவரும் அவரேயன்றோ? மெய்யியல் துறையில் இவ்வழி நின்றவர் பேராசிரியர் ஜே. எல். மேத்தா.

1912இல் கல்கத்தாவில் பிறந்த மேத்தா, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்தார். மரணம் உறுதியென அறிந்த மனிதன் தன் வாழ்வுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும் என்பது இருப்பியலாரின் கருத்து. அச்சிந்தனைக்கு ஊற்றாக நின்றவர் ஜேர்மானிய அறிஞர் ஹைடெகர். எனினும் இருப்பியலார் என்னும் பெயரை அவர் ஏற்றிலர். மேத்தா ஜேர்மனி சென்று பயின்றார். 1967இல் ஹைடெகர் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெருநூல் காசியிலேயே வெளிவந்தது. பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார்.

ஆயினும் ஒரு வினா அவரை விடவில்லை. மேனாட்டுச் சொல்லாலே சிந்திக்கப் பழகிய நாம் நமது வேதத்தை எங்ஙனம் உணர்வது? அக்கல்வியை உதறிவிடுதல் இனி இயலாது; அதற்கு அடிமையாதலும் தகாது; அதனூடே நடந்தே நம் மரபை அடைதல் வேண்டும் என அவர் கண்டார். முதுமையில் இருக்கு வேதத்தையும் மகாபாரதத்தையும் ஆழ்ந்து ஆராய்ந்தார். 1988இல் மறைந்தார்.

இளைஞர்களே! தூரதேசக் கல்வியை நாம் அஞ்ச வேண்டுவதில்லை. மீளும் வழியை மறவாதிருந்தாற் போதும்.