பாலே வழியாகப் பரதத்துக்கு வந்தவர்

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பத்து வயதில் நான் ஈப்போவில் பரதநாட்டிய வகுப்பில் சேர்ந்தபோது மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நல்ல குடும்பத்துப் பெண் மேடையில் ஆடலாமா என்பது அவருடைய கவலை. அந்தக் கவலை எங்கிருந்து வந்தது என்பது, இப்போது பல்கலைக்கழகத்தில் பாலே வரலாற்றைப் படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. அதைப் புரியவைத்தது ருக்மிணி தேவி அருண்டேலின் வாழ்க்கை.

1904-இல் மதுரையில் பிறந்தவர் அவர். தந்தை நீலகண்ட சாஸ்திரி பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர் என்பதால் குடும்பம் சென்னை அடையாறுக்குக் குடியேறியது. 16 வயதில் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்தார். ஊரே கொதித்தது.

1928-இல் ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவா பம்பாய்க்கு வந்தார். இறக்கும் அன்னப்பறவையாக அவர் ஆடிய தனிநடனம் உலகப் புகழ்பெற்றது. பின்னர் இருவரும் ஒரே கப்பலில் ஆஸ்திரேலியா சென்றபோது நட்பு வளர்ந்தது. பாவ்லோவா குழுவின் கிளியோ நார்டியிடம் ருக்மிணி பாலே கற்றார். உன் நாட்டு நடனத்தையும் தேடிப்பார் என்று பாவ்லோவா அவரைத் தூண்டினார்.

பாலேயிலும் பரதத்திலும் முழங்கால்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் பாலே விரல்நுனியில் எழுந்து வானத்தை நோக்கும். பரதமோ அரைமண்டியில் தாழ்ந்து பாதத்தால் தரையைத் தட்டும்.

அப்போது சதிர் என்று அழைக்கப்பட்ட அந்த நடனத்தைத் தேவதாசிப் பெண்களும் நட்டுவனார்களும்தான் காத்துவந்தார்கள். சமூகமோ அதை இழிவாகப் பார்த்தது. ருக்மிணி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935 டிசம்பரில் அடையாறில் மேடையேறினார். அப்போது அவருக்கு வயது 31. மறு ஆண்டே, பின்னாளில் கலாக்ஷேத்ரா எனப் பெயர்பெற்ற பள்ளியைத் தொடங்கினார். குற்றாலக் குறவஞ்சியையும் இராமாயணத்தையும் நாட்டிய நாடகங்களாக்கினார்.

அவர்மீது விமர்சனமும் உண்டு. நடனத்தில் சிருங்காரத்தைக் குறைத்தார் என்பதைப் பாலசரஸ்வதி ஏற்கவில்லை. பரம்பரையாக ஆடியவர்கள் மேடையிலிருந்து விலக, மற்ற குடும்பத்துப் பெண்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள் என்பதும் உண்மைதான். இந்த வரலாற்றையும் நாம் மறைக்கக்கூடாது.

1952-இல் இந்திய மாநிலங்களவை உறுப்பினரானார். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வருவதற்கு அவரே முக்கியக் காரணம். 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு அழைப்பு வந்தபோது மறுத்துவிட்டார். 1986-இல் காலமானார்.

பாட்டி பயந்தது நடனத்தைக் கண்டு அல்ல, அதன்மேல் சமூகம் பூசிய கறையைக் கண்டு. அந்தக் கறையைத் துடைத்தவராக ருக்மிணியை நினைக்கிறோம். கறை பூசப்பட்ட நாள்களிலும் கலையைக் கைவிடாத கௌரி அம்மாளை எத்தனை பேருக்குத் தெரியும்?

மாணவ நண்பர்களே, பாலேயோ பரதமோ, எதைக் கற்றாலும் அது யார் யார் கையில் இருந்து நம்மிடம் வந்தது என்று கேளுங்கள். வகுப்பில் தட்டிக்கும்பிடும்போது இப்போதெல்லாம் நான் இருவரையும் நினைத்துக்கொள்கிறேன்.