இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர் ஜானகி அம்மாளா? மதுரவாயலில் வாழ்ந்து மறைந்த விஞ்ஞானியின் கதை

கரையான்சாவடியில் பஸ் ஏறி கோயம்பேடு பக்கம் போனால், வேலப்பன்சாவடி, வானகரம் தாண்டி மதுரவாயல் வரும். இந்தியாவின் மிக முக்கியமான தாவர விஞ்ஞானிகளில் ஒருவர் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தது இங்கேதான். அவர் பெயர் இ.கே. ஜானகி அம்மாள்.

இந்தியக் கரும்பை இனிப்பாக்கியதே இவர்தான் என்று சமூக வலைதளங்களில் அடிக்கடி ஒரு தகவல் சுற்றும். அது முழு உண்மையா? பார்க்கலாம்.

யார் இவர்?

1897 நவம்பர் 4-ம் தேதி தலச்சேரியில் பிறந்தவர். அப்போது அது சென்னை மாகாணம். சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பெண்கள் பள்ளிப் படிப்பை முடிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது.

கரும்புக்கு விதை உண்டா?

உண்டு. நாம பார்ப்பது கரணை நட்டு வளர்க்கும் கரும்பு. கரணையில் வளர்வது தாய்க் கரும்பின் அச்சு அசல். ஆனால் கரும்பு பூத்து, அதிலிருந்து வரும் பொடி விதையை முளைக்க வைத்தால், ஒவ்வொரு நாற்றும் வேற மாதிரி இருக்கும். புது ரகம் அதிலிருந்துதான் கிடைக்கும். கோவையில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். அதனால்தான் 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே தொடங்கப்பட்டது.

அப்போ இனிப்பாக்கியது யார்?

தடித்த, இனிப்பான வெள்ளை என்ற கரும்பையும், நோயையும் வறட்சியையும் தாங்கும் காட்டுக் கரும்பையும் கலந்து கோ 205 என்ற ரகம் கோவையில் உருவானது. வட இந்திய விவசாயிகளுக்குப் பெரிய அளவில் கைகொடுத்த ரகம் இது. வெளியான ஆண்டு 1918. பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன் ஆகியோரின் உழைப்பு அது. ஜானகி அம்மாள் கோவையில் வேலைக்குச் சேர்ந்ததோ 1934-ல்தான். ஆக, முதல் இனிப்புக் கலப்பினம் அவருடையது இல்லை.

அவர் செய்தது என்ன?

இந்தக் கலப்பு ஏன் ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது என்ற காரணத்தைத் தேடினார். ஒவ்வொரு செடியின் செல்லிலும் குரோமோசோம்கள் இருக்கும். அந்தக் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் கலப்பினச் செடி மலடாகிவிடலாம். காட்டுக் கரும்பில் இந்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும். மைக்ராஸ்கோப்பில் இதையெல்லாம் எண்ணினார். கரும்பை மக்காச்சோளத்தோடுகூட கலந்து பார்த்தார். குருட்டாம்போக்கில் கலக்காமல், தெரிந்து கலக்க இது வழிகாட்டியது.

ஆனால் கோவை வாழ்க்கை சுலபமாக இல்லை. திருமணம் செய்யாத பெண், ஒடுக்கப்பட்டதாகக் கருதப்பட்ட தீயர் சாதி என்ற காரணங்களால் பாகுபாட்டைச் சந்தித்ததாக அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

1939-ல் மாநாட்டுக்காக பிரிட்டன் போனவர், உலகப் போர் மூண்டதால் அங்கேயே தங்கினார். லண்டனில் குண்டு விழுந்த நாட்களிலும் ஆய்வு நிற்கவில்லை. டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945-ல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். பயிர் ரகம் உருவாக்குபவர்களுக்கு அது கைப்புத்தகம் மாதிரி.

மதுரவாயல் நாட்கள்

பிரதமர் நேருவின் அழைப்பில் 1950-களின் தொடக்கத்தில் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். ஓய்வுக்குப் பிறகு, 1970 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் கள ஆய்வகமே அவருக்கு வீடும் வேலை இடமும். மூலிகைச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

80 வயதைத் தாண்டியும் ஒரு போராட்டம் பாக்கி இருந்தது. கேரளாவின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டத்துக்காகக் காட்டை மூழ்கடிக்க இருந்தார்கள். எதிர்த்தவர்களில் இவரும் ஒருவர். அவரது ஆய்வு வாழ்க்கையைப் பார்த்தால் காரணம் புரியும். காட்டுக் கரும்பு இல்லாமல் கோ 205 இல்லை. நாளைக்கு வயலில் நோயோ வறட்சியோ வந்தால், அதைத் தாங்கும் குணத்தை எடுக்க காட்டுச் செடி மிச்சம் இருக்கணும். காடு அழிந்தால் விவசாயியின் விதை இருப்பும் சேர்ந்தே போகும்.

1984 பிப்ரவரி 7-ம் தேதி, 86 வயதில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

கோவை நிலையம் சேகரித்த ஏராளமான கரும்பு ரகங்கள் இன்றும் அதன் கண்ணூர் மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஜானகி அம்மாள் பிறந்த தலச்சேரி இருப்பதும் அதே கண்ணூர் மாவட்டத்தில்தான்.