பெயர்ப்பலகையில் மட்டும் நின்றுபோன மொன்டிசோரி

2025 ஆவணியில் அரியாலையில் ஒரு முன்பள்ளிக்குப் போயிருந்தேன். கண்டி வீதியில் இருந்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பழைய வீட்டு வளவொன்றுக்குள் அது நடக்கிறது. பனம்பழக் காலம். நான்கு வயதுப் பிள்ளைகள் பனங்கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து பாத்தியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் செய்து காட்ட, அவர்களும் கையால் மண்ணை அள்ளி மூடினார்கள். தை மாதம் கிழங்கு பிடுங்கலாம் என்று ஒரு சிறுவன் எனக்கு விளக்கம் சொன்னான்.

வேலிக்கரையில் ஒரு அம்மம்மா நின்றார். பேரனின் கைகளில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. இது பார்த்துத் துப்புரவாக்கிய மண்தானே என்று ரீச்சரிடம் இரண்டு தடவை கேட்டார். பல வருடங்களாகக் கொத்திப் பயிரிட்ட வளவு என்று ரீச்சர் பொறுமையாகச் சொன்னார். அந்தக் கேள்வியை நான் மிகையாக நினைக்கவில்லை. அந்த நாட்களில்தான் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்வு நடந்துகொண்டிருந்தது. நீலநிறப் புத்தகப்பையோடும் விளையாட்டுப் பொம்மையோடும் ஒரு சிறு பிள்ளையின் எலும்புகள் வெளியே வந்திருந்தன.

1995 ஒக்ரோபர் இறுதியில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஐந்து வயது. திரும்பி வந்த பிறகு அம்மா சொல்லித்தந்த முதல் பாடம், கீழே கிடக்கும் எதையும் தொடக்கூடாது, மண்ணைக் கிண்டக்கூடாது என்பதுதான். எங்கள் தலைமுறை மண்ணுக்குப் பயந்து வளர்ந்தது.

அந்த முன்பள்ளியின் படலையில் மொன்டிசோரி என்று எழுதிய பலகை தொங்குகிறது. எங்கள் ஊர்களில் நேர்சறிக்கு அது இன்னொரு பெயர், அவ்வளவுதான். அது ஒரு பெண்ணின் பெயர் என்பதும், அவர் இரண்டு தடவை போரில் அகப்பட்டவர் என்பதும், இலங்கைக்கும் வந்து போனவர் என்பதும் பலருக்குத் தெரியாது. நானும் ஊடகக் கற்கை படித்து முடித்த பிறகுதான் தேடி வாசித்தேன்.

மருத்துவர் ஆசிரியரான கதை

மரியா மொன்டிசோரி 1870 ஓகஸ்ட் 31 இல் இத்தாலியின் கியரவல்லே என்ற சிறு நகரில் பிறந்தார். தகப்பன் அரச உத்தியோகத்தர். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாக இருந்த காலத்தில், 1896 இல் ரோம் பல்கலைக்கழகத்தில் இருந்து மருத்துவராக வெளியேறினார். உளநோய் மருத்துவமனையில் வேலை செய்தபோது, அங்கே பெரியவர்களோடு அடைத்து வைக்கப்பட்டிருந்த பிள்ளைகளைக் கண்டார். தொடவோ பிடிக்கவோ அவர்களுக்கு ஒரு பொருளும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மருந்தை விடக் கைக்கு வேலைதான் முதலில் தேவை என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் பிறந்தது.

அவருடைய சொந்த வாழ்க்கையிலும் ஒரு பிள்ளை இருந்தது. 1898 இல் மகன் மாரியோ பிறந்தான். கூட வேலை செய்த மருத்துவர் ஒருவர் தகப்பன்; திருமணம் நடக்கவில்லை. குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தாய் என்று சொல்லாமலே இடைக்கிடை போய்ப் பார்த்து வந்தார். தன் தாயார் இறந்த பிறகுதான், மாரியோவுக்குப் பதினைந்து வயதளவில், மகனைத் தன்னோடு அழைத்துக்கொண்டார். உலகப் பிள்ளைகளைப் பற்றி எழுதியவர் தன் பிள்ளையை வளர்க்க முடியாமல் இருந்தார் என்பதை அவருடைய கதையில் இருந்து மறைக்கத் தேவையில்லை.

1907 ஜனவரி 6 இல் ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தார். தாய் தகப்பன் வேலைக்குப் போக, பிள்ளைகள் புதுப்பித்த கட்டடத்தின் சுவர்களைப் பழுதாக்குகிறார்கள் என்ற முறைப்பாட்டில் இருந்துதான் அந்த இடம் உருவானது. கட்டட உரிமையாளர்களுக்குத் தேவைப்பட்டது பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆள். மொன்டிசோரி அதைப் பள்ளியாக்கினார். பிள்ளைகளின் உயரத்துக்குக் கதிரை மேசை செய்வித்தார். கை கழுவுவது, கூட்டுவது, பொத்தான் போடுவது எல்லாம் பாடமாகின.

1909 இல் வெளிவந்த அவருடைய முதல் நூலில் செடி வளர்ப்புக்கும் பிராணி வளர்ப்புக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. விதை போட்ட பிள்ளை காத்திருக்கப் பழகுகிறது, தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி வாடும் என்று தானாகவே விளங்கிக்கொள்கிறது என்பது அவருடைய அவதானிப்பு. அடுத்த அத்தியாயம் களிமண் வேலை பற்றியது. பிள்ளைகள் சின்னச் சட்டிகள் வனைந்தார்கள். சின்னச் செங்கற்கள் செய்து, சாந்து பூசிச் சின்னச் சுவர்கள் கட்டினார்கள். சுவரைப் பழுதாக்குகிறார்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட வயதுப் பிள்ளைகளுக்கு அவர் சுவர் கட்டக் கற்றுக்கொடுத்தார்.

பூகம்பத்தின் பிள்ளைகள்

1908 டிசம்பர் 28 இல் மெசினா நகரைப் பூகம்பம் அழித்தது. எல்லோரையும் இழந்து தப்பிய பிள்ளைகளில் அறுபது பேரளவில் ரோமில் உள்ள ஒரு கன்னியர் மடத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் பேசவில்லை, சாப்பிடவில்லை, இரவில் கத்தி அழுதார்கள். மொன்டிசோரியின் முறையில் அங்கே ஒரு பள்ளி தொடங்கியது. கன்னியர்கள் மேசை விரிப்பது, பாத்திரம் வைப்பது, உணவு பரிமாறுவது எனச் சிறுசிறு வேலைகளைப் பிள்ளைகளிடமே கொடுத்தார்கள். தோட்டத்தில் ஓடித் திரிய விட்டார்கள். மெதுவாகப் பசி திரும்பியது, பிறகு நித்திரை, பிறகு சிரிப்பு. நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. வன்னியில் இருந்து வந்த பிள்ளைகளை 2009 இல் முகாம்களில் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதியை வாசிக்கும்போது நெஞ்சு கனக்கும்.

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 இல், செஞ்சிலுவை காயப்பட்டவரைப் பார்ப்பது போலப் போரில் அகப்பட்ட பிள்ளைகளின் மனதைப் பார்க்க வெண்சிலுவை என்றோர் அமைப்பு வேண்டும் என்று முன்வைத்தார். அது நிலைபெறவில்லை. அந்தத் தேவை மட்டும் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அகதியாக அடையாறுக்கு

1924 முதல் முசோலினியின் அரசு அவருடைய பள்ளிகளை ஆதரித்தது; அவரும் அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார். தன் முறை பரவினால் போதும் என்று நினைத்தது அவருடைய பிழை. பிள்ளைகளைப் படையணிகளாக்க நினைத்த அரசோடு சுயமாகச் சிந்திக்கும் பிள்ளை என்ற எண்ணம் ஒத்துப்போக முடியாது. 1934 இல் இத்தாலியை விட்டு வெளியேறினார். ஜேர்மனியிலும் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. அவர் குடியிருந்த பார்சலோனாவில் 1936 இல் உள்நாட்டுப் போர் வெடிக்க, பிரித்தானியக் கப்பலொன்றில் தப்பினார். பிறகு நெதர்லாந்தில் ஒதுங்கினார்.

1939 இல், 69 வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் மாரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். ஓலைக்குடிசைகளில் தங்கி, முந்நூறு பேரளவில் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். அவர் இத்தாலிய மொழியில் சொல்ல, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சில மாதங்களில் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர்களை உலகப் போர் அங்கேயே மறித்துவிட்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரித்தானிய ஆட்சி இருவரையும் எதிரி நாட்டவராகக் கணக்கெடுத்தது. மாரியோ அகமத்நகர் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். தாய் அடையாறு வளவுக்குள் கட்டுப்படுத்தப்பட்டார்.

ஓகஸ்ட் 31 இல் அவருக்கு 70 வயது. பிறந்தநாள் பரிசாக மகனை விடுவிப்பதாக வைஸ்ராயிடம் இருந்து தந்தி வந்தது. மருமகன் என்றும் வளர்ப்பு மகன் என்றும் உலகத்துக்குச் சொல்லப்பட்டு வந்தவரை அந்தத் தந்தி மகன் என்றே குறிப்பிட்டது. தடுப்பில் இருக்கும் பிள்ளைக்காகக் காத்திருந்த தாய்மாரை எங்கள் ஊரில் நிறையப் பேருக்குத் தெரியும். இன்னும் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தாய்க்குப் பிள்ளை திரும்பி வந்தது.

1942 முதல் கொடைக்கானலில் வாழ்ந்தார். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு பள்ளி நடந்தது. செடி, பூச்சி, நீர்வாழ் உயிர் எல்லாம் அங்கே பாடமாகின. ஒன்று இன்னொன்றைத் தாங்கித்தான் உலகம் நிற்கிறது என்று பிள்ளை கண்டு உணரவேண்டும் என்ற அவருடைய பிற்காலச் சிந்தனை அந்த மலையில்தான் வளர்ந்தது. அந்த வேலையில் அவருக்குத் துணையாக நின்றவர்களில் ஒருவர் இலங்கைப் பெண்ணான லீனா விக்கிரமரத்ன. 1944 இல் மொன்டிசோரி இலங்கைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். 1946 இல் ஐரோப்பா திரும்பி, மீண்டும் இந்தியா வந்து போனார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று வருடங்களும் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்குப் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6 இல் நெதர்லாந்தின் கடற்கரை ஊரான நோர்ட்வைக்கில் காலமானார்.

எங்கள் முற்றத்தில்

அவருடைய பெயர் எங்கள் ஒழுங்கைகள் வரை வந்துவிட்டது. அவர் பிள்ளைகளின் கையில் கொடுத்த களிமண் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு முன்பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளைக்கு நான்கு கொப்பி. முற்றம் முழுக்கச் சீமெந்து. உடுப்பு ஊத்தையானால் பெற்றோர் ஏசுவார்கள் என்று ரீச்சர்மார் சொல்கிறார்கள். ஏசுகிற பெற்றோரையும் என்னால் முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை. அவர்களும் என்னைப் போல மண்ணைத் தொடாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள். படிப்பு மட்டும்தான் எவராலும் பறிக்க முடியாதது என்று நம்பி, அதை மூன்று வயதிலேயே தொடங்கிவிடத் துடிக்கிறார்கள்.

ஆனால் இதற்கு வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் தேவையில்லை. இடப்பெயர்வில் தென்மராட்சியில் ஒரு வளவில் இருந்த மாதங்களில், அம்மம்மா குரும்பட்டியும் ஈர்க்கும் எடுத்து எனக்குத் தேர் கட்டப் பழக்கினார். பனையோலையில் காற்றாடி, நுங்குக் கோம்பையில் வண்டில், மழைக்குப் பிறகு களிமண்ணில் சட்டிபானை. அந்த மாதங்களில் என்னைப் பயத்தில் இருந்து வெளியே எடுத்தவை அவைதான் என்பது இப்போது விளங்குகிறது. நிலம் பாதுகாப்பானது என்று உறுதிசெய்வது பெரியவர்களின் பொறுப்பு. உறுதிசெய்த பிறகும் பிள்ளையின் கையைப் பிடித்து வைத்திருந்தால், போர் முடிந்ததாகச் சொல்ல முடியாது.

தை மாதம் மீண்டும் அந்த முன்பள்ளிக்குப் போனேன். பாத்தியைக் கிளறிக் கிழங்கு பிடுங்கினார்கள். ரீச்சர் கொட்டையைப் பிளந்து பூரானை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மம்மாவும் வந்திருந்தார். இந்தமுறை அவர் வேலிக்கரையில் நிற்கவில்லை. பேரனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, முறியாமல் கிழங்கை எப்படி இழுப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார்.