கண்ணாடி விரியனும் பற்றிக் ரசலும்

மாத்தளை மாவட்டத்தின் வடபால், கலேவெல, தம்புள்ளைப் பக்கத்து வயல்களில் அறுவடைக் காலத்தே உழவர் அஞ்சும் உயிர் ஒன்றுண்டு. அதனை நாம் கண்ணாடி விரியன் என்கின்றோம். சிங்கள மக்கள் தித் பொலங்கா என்பர். விஞ்ஞான உலகம் அதனை ரசலின் விரியன் என்றே வழங்கும். அந்த ரசல் யாரென அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

பற்றிக் ரசல் ஸ்கொத்லாந்து நாட்டு எடின்பரோவிற் பிறந்து அங்கேயே வைத்தியம் கற்றவர். 1750 இல் சிரியாவின் அலெப்போ நகரை அடைந்து, 1760 முதல் 1762 வரை கொள்ளைநோய் அந்நகரை வாட்டியபோது மருத்துவராகப் பணிபுரிந்தார். பின்னர்த் தம்பியாரைத் தொடர்ந்து விசாகப்பட்டினம் வந்தார். 1785 இல் கிழக்கிந்தியக் கம்பனி அவரைக் கருநாடகப் பகுதியின் இயற்கை ஆராய்ச்சியாளராக நியமித்தது.

அக்காலத்தே எப்பாம்பு நச்சுடையது, எது அற்றது என்பதிற் பெருங்குழப்பம் நிலவியது. ரசல் பாம்புகளைத் திரட்டினார், செதில்களை எண்ணினார், வாயைத் திறந்து பல்லை நோக்கினார். நாய்களிலும் கோழிகளிலும் விடத்தின் வேகத்தைச் சோதித்தார். பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்தென அந்நாளிற் புகழ்பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதன் முதன்மைச் சரக்கு பாஷாணமே என்பது தெரியவந்தது. நஞ்சுக்கு நஞ்சு! ஊரார் சொல்லை மட்டும் நம்பி ஏற்கவும் அவர் மனம் இசையவில்லை. ஊரார் சொல் என்பதற்காகவே தள்ளவும் இசையவில்லை.

1796 இல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய அவரது பெருநூலின் முதற் பாகம் வண்ணப் படங்களுடன் இலண்டனில் வெளிவந்தது. பாம்புகளுக்கு மக்கள் வழங்கிய தெலுங்குப் பெயர்களையும் அதிற் பதிந்துவைத்தார். மொழி கற்பிக்கும் என்போன்றோர்க்கு இஃது உவப்பான செய்தி. மறு ஆண்டே ஜோர்ஜ் ஷோ என்பார் விரியனுக்கு ரசலின் பெயரைச் சூட்டினார். 1805 இல், நூல் முற்றுப்பெறுமுன்பே, ரசல் மறைந்தார். எஞ்சிய பகுதிகள் பின்னரே அச்சேறின.

ரசலுக்கு விடம் ஒரே துளி நீர்மம். இன்றோ ஆய்வுகூடத்தில் அத்துளியைப் பல புரதங்களாகப் பிரிக்கின்றனர். அமினோ அமிலங்கள் எவ்வரிசையிற் கோக்கப்பட்டுள்ளன, சங்கிலி எவ்வாறு மடிந்துள்ளது என்றும் காண்கின்றனர். சிறு சங்கிலிகளாயின் செயற்கையாகவும் ஆக்குகின்றனர். குருதியை உறையச் செய்யும் இவ்விரியனின் விடத்தை மிக நீர்க்கச் செய்து, இரத்தம் உறையாப் பிணியாளரின் குருதிப்பெருக்கை நிறுத்த 1934 இலேயே ஆங்கில மருத்துவர் இருவர் பயன்படுத்தினர்.

நம் நாட்டு விரியன் கடித்தால் குருதி கெடுவதோடு கண்ணிமையும் சரியும். இந்தியாவின் பல பகுதிகளில் இக்குறி அரிது. இதற்குத் தலையாய காரணம் நரம்பின் முனையைத் தாக்கும் ஒரு புரதமே என 2017 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எனினும், நம் வைத்தியசாலைகள் நெடுங்காலமாக நம்பிவந்தது இந்தியப் பாம்புகளின் விடங்கொண்டு ஆக்கிய மாற்று மருந்தையே. அம்மருந்து ஏற்றியபின்பும் சரிந்த இமை உடனே நிமிர்வதில்லை.