பூட்டுக்காரர் மகன் ஓம்

நண்பர்களே, நம்ம பிசிக்ஸ் லேபில் ரியோஸ்டாட்டை நகர்த்தி நகர்த்தி ரீடிங் எடுத்தும், கிராஃபில் நேர்கோடு வராமல் திண்டாடியது நினைவிருக்கிறதா? நேர்கோடு வரணுமே என்று ரீடிங்கையே மாற்றி எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்த விதியைக் கண்டுபிடித்தவருக்கும் இதே திண்டாட்டம் வந்திருக்கிறது.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789 மார்ச் 16 அன்று ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டு செய்பவர். தானாகவே கணிதம் கற்று, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தவர். 1805-ல் பல்கலைக்கழகம் போன மகன் நடனம், பில்லியர்ட்ஸ் என்று பொழுதைக் கழிக்க, அப்பாவுக்கு வந்ததே கோபம்! படிப்பை நிறுத்தி, சுவிட்சர்லாந்துக்கு வாத்தியார் வேலைக்கு அனுப்பிவிட்டார். திரும்பி வந்து 1811-ல்தான் டாக்டர் பட்டம் பெற்றார்.

1817-ல் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியரானார். கம்பியின் நீளம் கூடினால் மின்னோட்டம் எவ்வளவு குறையும் என்று அங்குதான் ஆராய்ந்தார். அக்கால மின்கலங்களின் அழுத்தமோ நிலையாக நிற்காது. 1825-ல் அவர் வெளியிட்ட சூத்திரம் தப்பாகிப் போனது. மனுஷன் விடவில்லை. பொக்கெண்டார்ஃப் என்ற அறிஞரின் யோசனைப்படி செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். நிலையான மின்னழுத்தம் கிடைத்தது. 1826-ல் விடையும் கிடைத்தது. மின்னழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும். மின்தடை இரட்டித்தால் மின்னோட்டம் பாதியாகும். கம்பியின் வெப்பநிலை மட்டும் மாறக்கூடாது.

1827-ல் புத்தகமாக வெளியிட்டார். எதிர்பார்த்த பாராட்டும் இல்லை, பல்கலைக்கழகப் பதவியும் இல்லை. கொலோன் வேலையை விட்டு, பெர்லினில் பகுதிநேர வகுப்பெடுத்துப் பிழைத்தார். 1833-ல் நூரம்பர்கில் வேலை கிடைத்தது. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் வழங்கியது. மூனிச் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானது 1852-ல், 63-வது வயதில்! இரண்டே வருடத்தில், 1854 ஜூலை 6 அன்று காலமானார். 1881-ல் பாரிஸ் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டியது.

இன்று கோதையாறு மின்நிலையமானாலும் ஆரல்வாய்மொழிக் காற்றாலையானாலும், எந்தக் கேபிள் போடலாம் என்ற கணக்கு ஓமின் விதியில்தான் தொடங்குகிறது.

தம்பி, தங்கைகளே! அடுத்த முறை கிராஃப் வளைந்தால் ரீடிங்கைத் திருத்தாதீர்கள். பேட்டரி இறங்கிவிட்டதா, கம்பி சூடாகிவிட்டதா என்று பாருங்கள். தன் தப்பை மறைக்காமல் தேடியதால்தான் அந்த வாத்தியாருக்கு விடை கிடைத்தது.